நனைந்த கையும் சாசேஜ் விஷமும்: ஒரு சிறு வரலாறு

போன செமஸ்டர் லீவில் பத்து நாள் கணபதியில் இருக்கும் மாமாவின் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. கடைந்து முடித்த ஷாஃப்டுகளை எடுத்து, மைக்ரோமீட்டரில் அளவு பார்த்து, வரிசையாக அடுக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மாமா ஒரு ஷாஃப்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் என் விரல் தடம் துருவாகப் பதிந்திருந்தது.

“ஏங் கண்ணு, உன்ற கை என்ன இப்படி நனைஞ்சு கெடக்குது?”

“எப்பவுமே இப்படித்தானுங்க மாமா.”

அவர் திட்டவில்லை. கொஞ்சம் ஆயிலும் காட்டன் வேஸ்ட்டும் கொடுத்து, “தொட்டவொடனே தொடச்சு வெச்சிரு சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கூசிப்போனது. பரீட்சை ஹாலில் கைக்குக் கீழே கைக்குட்டை வைத்து எழுதுவது, பேப்பர் நனைந்து மை பரவுவது, கைரேகை மெஷின் என் விரலை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல் அடம்பிடிப்பது, யாராவது கை குலுக்க வந்தால் பேன்ட்டில் துடைத்துக்கொள்வது... இதெல்லாம் என் குணம், என் பயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. ஹைப்பர்ஹைட்ரோசிஸ், தமிழில் அதிவியர்வை நோய். அதற்கான வைத்தியங்களில் ஒன்று, உலகத்திலேயே கொடிய விஷங்களில் முதலிடத்தில் வைக்கப்படும் ஒரு விஷம்!

அந்த விஷத்தின் கதையைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இது வேர்வையை நிறுத்தும் என்று 1822-லேயே ஒரு டாக்டர் எழுதி வைத்துவிட்டார். வேர்வைக்காரனுக்கு அது வந்து சேர 1990-கள் வரை ஆகியிருக்கிறது. ஏன் இவ்வளவு நாள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எல்லா வேர்வையும் ஒன்றல்ல

நம் ஊரில் வேர்வைக்கு மரியாதை உண்டு. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை கோயம்புத்தூரில் ஆரம்பித்த நூற்பு மில்லில் தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக எழுந்த மில்கள், ஃபவுண்டரிகள், மோட்டார் பம்புசெட் பட்டறைகள் எல்லாமே வேர்வை சிந்தி வளர்ந்தவைதான். நூல் அறுந்து போகாமல் இருக்க மில்லுக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்த ஈரக் காற்றில் வேர்வை லேசில் காயாது. ஃபவுண்டரி உலைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது உடம்பின் சூட்டைத் தணிக்க வரும் வேர்வை. அவசியமான வேர்வை.

நான் சொல்வது வேறு. மார்கழிக் குளிரில், ஃபேன் காற்றில், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அக்குளிலும் ஊற்றும் வேர்வை. பெரும்பாலும் சின்ன வயதிலோ பதின்வயதிலோ ஆரம்பிக்கும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். தூங்கும்போது மட்டும் நின்றுவிடும். இதில் வேர்வைச் சுரப்பிகளில் கோளாறு எதுவும் இல்லை. அவற்றுக்குப் போகும் நரம்புக் கட்டளைதான் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது.

இரும்பு வேலை நடக்கும் ஊரில் இது கூச்சத்தோடு முடிவதில்லை. தொட்ட இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் கைக்காரர்களுக்கு ஆங்கிலத் தொழிற்சாலை மருத்துவத்தில் ‘ரஸ்டர்’ என்றே ஒரு பெயர் உண்டு. ஆக மாமா பட்டறையில் நான் முதல் ரஸ்டராக இருக்கலாம், உலகத்தில் இல்லை :-)

துணி ஆலையில் இருந்த கவிஞர்

கதை இப்போது ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே தெற்கே வூர்ட்டம்பெர்க் என்ற நாடு. பன்றிக் குடலுக்குள் இறைச்சி, ரத்தம், கொழுப்பு எல்லாம் அடைத்து, வேகவைத்து, புகை போட்டுத் தொங்கவிடும் சாசேஜ் அந்த மக்களின் அன்றாட உணவு. நெப்போலியன் காலப் போர்கள், வறுமை, சுத்தக்குறைவு எல்லாம் சேர்ந்து, சாசேஜ் தின்று செத்துப்போகிறவர்கள் அதிகமானார்கள். 1802-லேயே ஸ்டுட்கார்ட் அரசாங்கம் மக்களை எச்சரித்திருக்கிறது.

அந்தப் பகுதியில் மாவட்ட மருத்துவராக இருந்தவர் யுஸ்டினுஸ் கெர்னர் (1786-1862). இவர் ஜெர்மன் இலக்கியத்தில் பேர்பெற்ற கவிஞரும்கூட. நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவல்: பள்ளிக்கூடம் முடித்ததும் இவரை ஒரு துணி ஆலையில்தான் வேலை பழக விட்டார்கள். ஒரு பேராசிரியரின் உதவியால்தான் 1804-ல் டூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்.

கெர்னர் ஒவ்வொரு சாசேஜ் விஷ நோயாளியையும் பற்றிக் குறித்து வைத்தார். 1820-ல் 76 பேர். 1822-ல் வந்த புத்தகத்தில் 155 பேர். கெட்டுப்போன சாசேஜிலிருந்து சாறு எடுத்து மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதோடு விடாமல் சில துளிகளைத் தன் நாக்கிலேயே விட்டுப் பார்த்தார்! (தயவுசெய்து யாரும் முயற்சிக்க வேண்டாம்.)

அவர் கண்டது இது. இமை தொங்கும், விழுங்க முடியாது, தசைகள் தளர்ந்துபோகும், ஆனால் புத்தி கடைசி வரை தெளிவாக இருக்கும். கூடவே உடம்பு வறண்டுபோகும். கண்ணீர் இல்லை, எச்சில் இல்லை, வேர்வை இல்லை, காதுக் குறும்பிகூடக் குறைந்துவிடுகிறது. இந்த விஷம் நரம்பு வழியாகப் போகும் கட்டளையை நிறுத்துகிறது என்று சரியாகவே ஊகித்தார். பிறகு ஒரு படி மேலே போனார். இதையே மிக மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், நரம்பு மிதமிஞ்சி வேலை செய்யும் நோய்களுக்கு மருந்தாகலாமே என்று எழுதினார். அந்தப் பட்டியலில் தசை தானாகத் துள்ளும் நோயும் இருந்தது, அளவுக்கு மீறிய வேர்வையும் இருந்தது.

வருஷத்தை மறுபடி பாருங்கள்: 1822. கிருமிதான் நோயை உண்டாக்குகிறது என்ற அறிவே உலகத்துக்கு வராத காலம்.

ஒரு சாவு வீட்டுச் சாப்பாடு

கெர்னரின் யோசனை நல்ல யோசனை. ஆனால் கையில் பொருள் இல்லை. சாசேஜ் சாற்றில் விஷம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லாமல் மருந்து கொடுக்க முடியாதே.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு. அதற்கு வாசிக்க வந்த 34 இசைக்கலைஞர்கள் ஊறவைத்துப் புகைபோட்ட பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலருக்கு உடம்பு முடியாமல் போனது. மூன்று பேர் இறந்தார்கள். கெண்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கம், கிருமியியல் மேதை ராபர்ட் கோக்கிடம் பயின்றவர், அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில் மட்டும் வளர்ந்து விஷத்தைக் கக்கும் ஜீவன் அது. லத்தீனில் சாசேஜுக்கு ‘பாட்டுலஸ்’ என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்.

அடுத்து இந்த விஷத்தைத் தேடி வந்தது ராணுவம். இரண்டாம் உலகப்போரில் இதை ஆயுதமாக்க முடியுமா என்று அமெரிக்கா மேரிலாந்தில் ஆராய்ச்சி நடத்தியது. அங்கே 1946-ல் இதைப் படிகமாகச் சுத்தம் செய்தார்கள். ஆளைக் கொல்லச் செய்த அந்த வேலைதான் அளந்து கொடுக்கக்கூடிய சுத்தமான விஷத்தை முதல்முறையாக மருத்துவத்தின் கையில் கொடுத்தது. வரலாறு சில சமயம் இப்படித்தான் குறுக்குவழியில் வருகிறது.

இரண்டு அலமாரியில் இருந்த பதில்

இனி கொஞ்சம் உடலியல். உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம். படபடப்பு வந்தால் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் அதே மண்டலம்தான். இந்த நரம்புகளின் நுனியில் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரக்கும். வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு மட்டும் ஒரு விதிவிலக்கு. அது அசிடைல்கோலினைச் சுரக்கிறது. தசையை அசைக்கும் நரம்புகள் பயன்படுத்துவதும் இதே அசிடைல்கோலினைத்தான்.

இதை 1934-ல் லண்டனில் நிரூபித்தவர்கள் ஹென்றி டேலும் வில்ஹெல்ம் ஃபெல்ட்பர்க்கும். ஃபெல்ட்பர்க் யூதர் என்பதால் 1933-ல் பெர்லினில் வேலையிலிருந்து துரத்தப்பட்டவர். பூனைக்குப் பாதத்தில் வேர்க்கும் என்பதால் பூனைப் பாதத்தில் சோதனை செய்தார்கள். துளியூண்டு அசிடைல்கோலினையும் காட்டிக்கொடுக்கும் ஒரு முறையை ஃபெல்ட்பர்க் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது அட்டையின் தசை. வால்பாறைக்கு டூர் போய் அட்டைக்கடி வாங்கியவர்கள் இனி அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

1949-ல் இங்கிலாந்தில் இன்னொரு குழு, பாட்டுலினம் விஷம் நரம்பு நுனியில் அசிடைல்கோலின் வெளிவருவதைத்தான் தடுக்கிறது என்று காட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேர்வைச் சுரப்பிக்குக் கட்டளை கொண்டுபோவது அசிடைல்கோலின். இந்த விஷம் அசிடைல்கோலினை நிறுத்தும். கெர்னர் கண்ணால் பார்த்ததற்குக் காரணம் 1949-லேயே முழுசாகக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று ஒரு அலமாரியில், மற்றது வேறொரு அலமாரியில்.

விஷம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிணற்று மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். சுரப்பிதான் மோட்டார். நரம்புதான் ஒயர். ஒயரில் கரண்ட் வருகிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. இந்த விஷம் போய் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டை மட்டும் வெட்டி விடுகிறது. (நரம்பு நுனியில் அந்தக் காண்டாக்ட் வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் ஸ்னாப்-25. விஷம் இதைத்தான் வெட்டுகிறது என்பது 1993-ல் தெரிந்தது.) மோட்டார் எரியவில்லை, ஒயர் அறுபடவில்லை. சில மாதத்தில் நரம்பு தன் நுனியைச் சரிசெய்துகொள்ளும், தண்ணீர் மறுபடி வரும். அதனால்தான் இந்த வைத்தியம் நிரந்தரம் இல்லை. கெடுதல் ஏதாவது வந்தாலும் அதுவும் பொதுவாக நிரந்தரம் இல்லை.

கண்ணுக்கு, சுருக்கத்துக்கு, கடைசியில் வேர்வைக்கு

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், மாறுகண்ணை ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்ய, இழுக்கும் தசையைத் தளர்த்த ஒரு மருந்து தேடினார். 1973-ல் குரங்குகளில் இந்த விஷம் பலிப்பதைக் காட்டினார். பிறகு மனிதர்களுக்கும் கொடுத்தார். 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த மருந்துதான் கைமாறி ‘போடாக்ஸ்’ என்று பெயர் மாறியது.

கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் டாக்டரும், அவர் கணவர் அலஸ்டர் என்ற தோல் டாக்டரும், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் நெற்றிச் சுருக்கம் மறைவதைக் கவனித்து 1992-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். போடாக்ஸ் என்றால் சினிமா நட்சத்திரம் என்று ஆகிப்போனது.

வேர்வை? முகத்தின் ஒரு பக்கம் துடிக்கும் நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வேர்ப்பதில்லை என்பதை இங்கிலாந்தில் புஷாரா, பார்க் என்ற இரு டாக்டர்கள் கவனித்து 1994-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். கெர்னர் சொன்னது 172 வருஷம் கழித்து, பக்கவிளைவாகத் திரும்பி வந்தது! 1996-ல் அதே குழு அக்குள் வேர்வைக்கு இது வைத்தியமாகலாம் என்றது.

2001-ல் பெரிய சோதனைகள் வந்தன. ஜெர்மனியில் 145 பேருக்கு நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு அக்குளில் மருந்து, மறு அக்குளில் வெறும் ஊசி. எது எந்தப் பக்கம் என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் காய்ந்தது, மறுபக்கம் ஈரமாகவே இருந்தது. ஒரே ஆள், ஒரே வெயில், ஒரே டென்ஷன். இதைவிட நேர்மையான ஒப்பீடு ஏது? அதே வருஷம் பிரிட்டன் அக்குள் வேர்வைக்கு இதை அனுமதித்தது. அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு அங்கே 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

ஊசி போடும் முறையில் நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஒளிந்திருக்கிறது. முதலில் அயோடின் தடவிக் காயவைத்து, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். வேர்க்கும் இடம் மட்டும் கருநீலமாகும். 1928-ல் மைனர் என்ற ரஷ்ய டாக்டர் சொன்ன சோதனை இது. பாவுக்குக் கஞ்சி போடும் அதே ஸ்டார்ச்தான். நீலமான இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தோலுக்குள்ளேயே 10 முதல் 15 குத்து. போடாக்ஸ் என்றால் ஒரு அக்குளுக்கு மொத்தம் 50 யூனிட். ஒரு யூனிட் என்பது சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவு என்பதை நினைவில் வையுங்கள். மற்ற கம்பெனி மருந்தின் யூனிட் வேறு கணக்கு. பலன் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், சராசரியாக ஆறேழு மாதம் நிற்கும்.

உள்ளங்கைக்கும் போடுகிறார்கள். ஆனால் அங்கே வலி அதிகம், நரம்பை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் பலர் போடுகிறார்கள். கொஞ்ச நாளைக்குப் பிடி பலவீனமாகலாம். லேத் பிடிக்கும் கைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆராய்ச்சிக்கான, மனிதர்களுக்கு அனுமதி இல்லாத பாட்டுலினம் விஷத்தைப் போடாக்ஸ் போலச் சுருக்கத்துக்குப் போட்டு, நான்கு பேர் உடம்பு முடங்கி வென்டிலேட்டர் வரை போனார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்லரில் போட்டுக்கொள்கிற பொருள் இல்லை இது. தோல் டாக்டர், அனுமதி பெற்ற மருந்து, சரியான அளவு, மூன்றும் வேண்டும்.

ஏன் இவ்வளவு தாமதம்?

இத்தனை வருஷத்தையும் அலட்சியம் என்று சொன்னால் அநியாயம். 1946 வரை சுத்தமான பொருள் இல்லை. 1970-கள் வரை மனிதருக்குப் போடும் துணிச்சல் இல்லை. அது நியாயமான தாமதம். ஆனால் மருந்து கையில் வந்த பிறகும் எல்லோரும் தசையைத்தான் பார்த்தார்கள். தசை துடித்தால் நோய். நெற்றி சுருங்கினால் அதற்கு வாடிக்கையாளர் இருக்கிறார். வேர்த்தால்? துடைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2004-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நூற்றுக்கு 2.8 பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. அவர்களில் 38 சதவீதம் பேர்தான் அதை ஒரு டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லியிருந்தார்கள். மீதிப் பேர் என்னைப் போல கைக்குட்டையோடு சமாளித்திருக்கிறார்கள். யாரும் சொல்லாத நோய்க்கு யார் மருந்து தேடுவார்கள்? கெர்னர் 155 பேரையும் கேட்டுக் கேட்டு எழுதியதால்தான் வேர்வை நின்றது அவர் கண்ணில் பட்டது.

லீவு முடிவதற்குள் நான் முதல்முறையாக ஒரு தோல் டாக்டரிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஊசி கடைசியில் யோசிக்கலாம் என்றார். ராத்திரியில் தடவ அலுமினியம் குளோரைடு கொடுத்தார். அது போதாவிட்டால், கையைத் தண்ணீரில் வைத்து லேசான மின்சாரம் பாய்ச்சும் முறை இருக்கிறது, பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். நரம்பையே வெட்டும் ஆபரேஷனும் உண்டாம். அதில் கை காய்ந்து முதுகில் வேர்க்க ஆரம்பிக்கும் ஆபத்து இருப்பதால் அவசரப்பட வேண்டாம் என்று சொன்னார்.

கை இன்னும் முழுசாகக் காயவில்லை. இந்தக் கட்டுரையைத் தட்டும்போதும் கீபோர்டு கொஞ்சம் ஈரம்தான். ஆனால் இது என் குணம் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, இரண்டு நூற்றாண்டாக மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் ஒரு விஷயம் என்று தெரிந்ததே பாதி வைத்தியம். நம் வகுப்பில் பரீட்சைக்குக் கைக்குட்டை கொண்டுவருகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். போய் ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.